ரிச்மண்ட் பூங்காவிலிருந்து ஹாமர்ஸ்மித் வரை நடை, கடைசியில் பப்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்கரை நடை

வணக்கம். ஊரிலிருந்து அக்காவும் அத்தானும் அவர்கள் பையனும் லண்டன் வருகிறார்கள். டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் அவர்களே போய்ப் பார்த்துக்கொள்வார்கள், ஒரு சனிக்கிழமை மட்டும் என் பொறுப்பு. அத்தானுக்கு நடை என்றால் சாப்பாடுகூட அப்புறம்தான். அக்காவும் நன்றாக நடப்பார். பையனுக்குப் பத்து வயது, ஓடிக்கொண்டே இருப்பான். இங்கே இருக்கிற நண்பர்கள் நாலைந்து பேரும் சேர்ந்துகொள்கிறோம் என்கிறார்கள்.

என் மனதில் இருப்பது இதுதான். காலையில் ரிச்மண்ட் பார்க், மான்களைப் பார்த்துவிட்டு மலையிறங்கி தேம்ஸ் கரையைப் பிடித்துக்கொண்டு கியூ, சிஸ்விக் வழியாக நடந்து, சாயங்காலம் ஹாமர்ஸ்மித் ஆற்றோரத்துப் பழைய பப்களில் உட்கார்ந்து நாளை முடிப்பது. வரைபடத்தில் பார்த்தால் எளிதாகத்தான் தெரிகிறது, ஆனால் ரிச்மண்டையும் ஹாமர்ஸ்மித்தையும் நான் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறேன், நடுவில் இருக்கிற பகுதி சுத்தமாகத் தெரியாது. எவ்வளவு தூரம் வரும், எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும், எந்தக் கரையில் நடப்பது நல்லது? ஆற்றோரப் பாதையில் சில இடங்களில் தண்ணீர் ஏறிவிடும் என்று ஒருவர் சொன்னார், அது எந்த அளவுக்கு உண்மை? அப்புறம் முக்கியமான விஷயம்: அக்கா சுத்த சைவம், மது தொடுவதில்லை. பையனும் கூட இருக்கிறான். அத்தானுக்கு மட்டும் இங்கிலாந்து பப் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி எப்படி அமைப்பது?

---

ஆற்றங்கரை

நல்ல யோசனை. லண்டனில் ஒரு நாள் நடை என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்த வழியைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பப் எல்லாவற்றையும் கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்மண்ட் பாலத்தடியிலும் ஸ்ட்ராண்ட்-ஆன்-த-கிரீனிலும் ஆற்றைப் பார்த்தபடி அழகழகான பப்கள் வரும், வெயிலும் அடித்தால் கால் தானாக உள்ளே போகப் பார்க்கும். போகாதீர்கள். மதியம் ஒரு மணிக்கு ஒரு பைன்ட் பீர் உள்ளே போனால் உடம்பு உட்காரச் சொல்லும், மிச்சமிருக்கிற பத்து கிலோமீட்டரும் இழுவையாகிவிடும், கூட வருகிற குழந்தைக்கும் மது தொடாதவர்களுக்கும் காத்திருப்பதே வேலையாகும். நடையை முடித்துவிட்டு உட்கார்ந்தால் அந்த முதல் மிடறுக்கு இருக்கிற சுகமே வேறு.

வழி. ரிச்மண்ட் ஸ்டேஷனில் காலை ஒன்பதரைக்குச் சந்தியுங்கள். கடைத்தெரு தாண்டி ரிச்மண்ட் ஹில் ஏற்றம். மேலே நடைமேடையில் நின்று கீழே பார்த்தால் தேம்ஸ் வளைந்து போவதும், நடுவில் ஒரு சின்னத் தீவும், பீட்டர்ஷம் புல்வெளியும் தெரியும். இந்தக் காட்சியை மறைத்து எதுவும் கட்டக்கூடாது என்று 1902-ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் ரிச்மண்ட் கேட். உள்ளே நுழைந்து வலது பக்கம் பெம்ப்ரோக் லாட்ஜ் தோட்டத்துக்குள் போங்கள். அங்கே கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்று ஒரு மண்மேடு, அதன் மேல் ஒரு தொலைநோக்கி. வேலிச்செடியை வெட்டி ஒரு துவாரம் விட்டிருப்பார்கள், அதன் வழியே பார்த்தால் சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் அந்த இலைச்சட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கும். பையனை முதலில் பார்க்கவிடுங்கள். பெம்ப்ரோக் லாட்ஜில் டீ, கழிப்பறை இரண்டும் உண்டு.

மான்களைப் பற்றி: முதலாம் சார்லஸ் 1637-ல் சுற்றி மதில் எழுப்பி மான்களை விட்டார், இன்றைக்கும் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. 50 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லி அங்கேயே அறிவிப்பு இருக்கும், அதை மதியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்கள் மோதிக்கொள்ளும் காலம், அப்போது கூடுதல் கவனம் வேண்டும். படம் எடுக்கிறேன் என்று குழந்தையைப் பக்கத்தில் நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

அங்கிருந்து பீட்டர்ஷம் கேட் வழியாக இறங்கி, சாலையைக் கடந்து, புல்வெளிக்குள் போனால் ஆறு. கோடையில் அங்கே மாடு மேயும். ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் ரிச்மண்ட் பாலம் வரும், 1777-ல் கட்டி முடித்தது, லண்டனில் தேம்ஸ் மேல் இன்னும் நிற்கிற பாலங்களில் இதுதான் பழசு. இங்கேயே சாப்பிட்டு, கழிப்பறையும் போய்விடுங்கள், ஏனென்றால் இதற்கப்புறம் கியூ பாலம் வரை சுமார் 5 கிலோமீட்டருக்குப் பாதையோரம் எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் ஆறு, அவ்வளவுதான். எனக்கு இந்த நடையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வலப்பக்கம் ஓல்ட் டீர் பார்க்கும் கியூ தோட்டத்தின் எல்லையும், எதிர்க்கரையில் ஐல்வர்த் தேவாலயக் கோபுரமும் சயன் மாளிகையின் புல்வெளியும். ஒரு கோடி மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்குள் நடக்கிறோம் என்ற நினைப்பே வராது. மழை பெய்த மறுநாள் சேறாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்.

கியூ பாலத்தில் ஏறி வடகரைக்கு மாறுங்கள். இறங்கினதும் ஸ்ட்ராண்ட்-ஆன்-த-கிரீன். வண்டி வராத ஒரு நடைபாதை, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீடுகள். வாசல்களைக் கவனியுங்கள், படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அப்படி. அதைத் தாண்டி ஆற்றை விட்டு உள்ளே வந்து சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்துக்குள் போங்கள், தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. பர்லிங்டன் பிரபு 1720-களில் கட்டிய மாளிகை அது. பையன் ஓட இடமும் உட்கார்ந்து டீ குடிக்கிற இடமும் உண்டு. பின்பக்கம் வெளியே வந்தால் ஹோகார்த் ரவுண்டானா, சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் சுரங்கப்பாதையில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சர்ச் ஸ்ட்ரீட், ரெண்டே நிமிஷத்தில் கிராமம் மாதிரி ஆகிவிடும். பக்கத்திலேயே ஃபுல்லர்ஸ் மதுவடிசாலை, காற்று இந்தப் பக்கம் வீசினால் வேகவைத்த தானிய வாசனை மூக்கில் ஏறும்.

அப்புறம் சிஸ்விக் மால், ஹாமர்ஸ்மித் டெரஸ், அப்பர் மால் என்ற ஆற்றோரத் தெருக்கள் வழியே நேராகப் பப்களின் வாசலுக்கே வந்துவிடுவீர்கள். வரிசை இதுதான்: பிளாக் லயன், ஓல்ட் ஷிப், த டவ், ஒரு சின்னப் பூங்கா தாண்டி ப்ளூ ஆங்கர், உடனே ஹாமர்ஸ்மித் பாலம். மொத்தம் 16 கிலோமீட்டரை ஒட்டி வரும். நின்று நின்று போனால் சாயங்காலம் ஐந்து மணி.

---

கிளிக்கூட்டம்

குடும்பத்தோடு வருகிறார்கள் என்றால் நகரின் நடுவில் இருக்கிற பூங்கா வழியையும் ஒருமுறை யோசியுங்கள். செயின்ட் ஜேம்ஸ் பார்க், கிரீன் பார்க், ஹைட் பார்க், கென்சிங்டன் கார்டன்ஸ் நாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன, நடுவில் ஒரு சில சாலைகளைக் கடந்தால் போதும். பிறகு ஹாலந்து பார்க் போய், 1991-ல் திறந்த ஜப்பானியத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, தெற்கே இறங்கினால் நீங்கள் சொல்கிற அதே ஹாமர்ஸ்மித் ஆற்றங்கரைதான். தூரமும் குறைவு.

பையனுக்குப் பார்க்க நிறைய இருக்கும். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் 1664-ல் ரஷ்யத் தூதர் கொடுத்த நாளிலிருந்து கூழைக்கடாக்கள் இருக்கின்றன, மதியம் மீன் போடுவார்கள். கென்சிங்டன் கார்டன்ஸில் பச்சைக்கிளிகள் கூட்டமாகப் பறக்கும், நம் ஊரில் பனைமரப் பொந்தில் பார்க்கிற அதே சிவப்பு மூக்கு, கழுத்தில் அதே ஆரம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரத்தில் அதைப் பார்க்கும்போது ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள், அக்கா நிச்சயம் நிற்பார். ஆனால் ஆறு வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால் இந்த வழியில் கடைசியில்தான் ஆறு வரும்.

---

ஆற்றங்கரை

கிளிக்கூட்டம், கிளி ரிச்மண்ட் பார்க்கிலும் ஏராளம், அதனால் அந்தக் குறை வராது. நகர் நடுவே போகிற வழி நல்ல வழிதான், ஆனால் சனிக்கிழமை ஹைட் பார்க் கூட்டத்தில் பத்துப் பேரைச் சேர்த்து நடத்துவது சிரமம். அத்தான் நடைக்காரர் என்பதால் ரிச்மண்டுக்கே என் ஓட்டு.

---

நீரோட்டம்

தம்பி, தண்ணீர் ஏறுமா என்று கேட்டீர்கள், அதை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு.

தேம்ஸ் டெடிங்டன் வரை கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. லண்டன் பிரிட்ஜ் அருகில் பெரிய பெருக்கு நாட்களில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மேலே வர வர அது குறையும், என்றாலும் கியூவிலும் சிஸ்விக்கிலும் கரையை மூடுகிற அளவுக்குத் தாராளமாக ஏறும். ரிச்மண்ட் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கரையோரம், ஸ்ட்ராண்ட்-ஆன்-த-கிரீன், சிஸ்விக் மால், இந்த மூன்று இடத்திலும் பாதையும் சாலையும் தண்ணீருக்குள் போகும். ரிச்மண்டில் ஒயிட் கிராஸ் என்ற பப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன், உள்ளே இருப்பவர்கள் வற்றும் வரைக்கும் இருக்க வேண்டியதுதான். சிஸ்விக் மாலில் விவரம் தெரியாமல் காரை நிறுத்திவிட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது சக்கரம் பாதி தண்ணீரில் இருக்கும்.

பெரிய பெருக்கு வருவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து. சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கிற நாட்கள் அவை. லண்டனில் அந்த நாட்களில் ஆறு நிரம்புகிற நேரம் பெரும்பாலும் மதியம் மூன்று மணியை ஒட்டித்தான் விழும், விடியற்காலையிலும் அதே போல ஒருமுறை. கோடைகாலக் கடிகாரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் பாருங்கள். மேலே சிஸ்விக், கியூ பக்கம் வர லண்டன் பிரிட்ஜை விட இன்னும் முக்கால், ஒரு மணி நேரம் பிந்தும். நீங்கள் போட்டிருக்கிற நேரப்படி ஸ்ட்ராண்டையும் சிஸ்விக் மாலையும் கடப்பது மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள். அதாவது அமாவாசை முடிந்த சனிக்கிழமையில் கிளம்பினால் நேரே பெருக்கின் வாயில் போய் நிற்பீர்கள்.

அக்கா வீட்டில் நாட்காட்டி பார்க்கிறவர் என்றால் அவரிடமே கேளுங்கள், அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆன சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் மதியம் ஆறு வற்றிக் கிடக்கும். லண்டன் துறைமுக ஆணையம் ஆறு ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்கிற ஓத அட்டவணை வெளியிடுகிறது, நாளை முடிவு செய்தபின் அதில் அந்தப் பகுதிக்கான நேரத்தைப் பாருங்கள். பலத்த மழைக்குப் பிறகு மேலிருந்து வரும் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் முதல் நாள் இரவும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வற்று நேரத்தில் போவதில் இன்னொரு லாபம். ரிச்மண்ட் லாக் என்பது ஆற்றுக்குக் குறுக்கே நடைபாலத்தோடு இருக்கிற ஒரு மதகு, 1894-ல் கட்டியது. வழக்கமான மதகு மாதிரி அது எப்போதும் மூடியிருக்காது. பெருக்கு உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இரும்புக் கதவுகளை மேலே தூக்கிவிடுவார்கள், படகு நேராகப் போகும். ஆறு வற்றும்போது கதவை இறக்கி, மேல்பக்கம் தண்ணீர் வடிந்துபோகாமல் பிடித்து வைப்பார்கள். அதனால் வற்று நேரத்தில் அந்த நடைபாலத்தில் நின்றால் ஒரு பக்கம் நிறைந்த ஆறு, கீழ்ப்பக்கம் கூழாங்கல் தெரிகிற ஆறு, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பையனுக்கு ஓதம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தை விட இது நன்றாகப் புரியும். சிஸ்விக் மால் எதிரில் ஒரு மண்திட்டுத் தீவு இருக்கிறது, சிஸ்விக் ஐயட், வற்று நேரத்தில் அதற்கும் கரைக்கும் நடுவில் தரை தெரியும். ஆனால் குழந்தையோடு அதில் இறங்க வேண்டாம், தண்ணீர் திரும்பி ஏறும்போது வேகமாக ஏறும்.

---

எதிர்க்காற்று

எல்லோரும் ஹாமர்ஸ்மித்தில் முடிக்கச் சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். காலையில் ஹாமர்ஸ்மித்தில் கிளம்பி மாலையில் ரிச்மண்ட் மலை மேல் முடியுங்கள். சூரியன் மறைவது மேற்கே, அந்த மலை மேடையில் நின்று ஆற்று வளைவில் வெளிச்சம் விழுவதைப் பார்ப்பதற்கு ஈடாக இந்த வழியில் எதுவும் இல்லை. பப் ரிச்மண்டிலும் நிறையவே இருக்கிறது.

---

ஆற்றங்கரை

சூரியனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 15 கிலோமீட்டர் நடந்தபின் கடைசியில் ஒரு மலை ஏறுவது குழந்தைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் கஷ்டம். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது, ரிச்மண்டில் கிளம்பினால் அது முதுகில் விழும், திருப்பி நடந்தால் முகத்தில். ஆறும் ஹாமர்ஸ்மித்தில் வடக்காக வளைவதால் அங்கே இருக்கிற பப் மாடங்கள் தெற்கே ஆற்றைப் பார்த்தபடி இருக்கின்றன, மாலை வெயில் தாராளமாகக் கிடைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கிழக்கு நோக்கித்தான்.

---

அரை பைன்ட்

பப் விஷயம் நான் சொல்கிறேன்.

அத்தான் முதல் தடவை வருகிறார் என்றால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது: மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. கவுன்டருக்குப் போய் நின்று, கேட்டு, காசு கொடுத்து, கையோடு எடுத்து வர வேண்டும். அங்கே வரிசை கிடையாது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கு முன்னால் வந்தவர் நிற்கும்போது உங்களைக் கேட்டால் "அவர்தான் முதலில்" என்று கை காட்டுவதுதான் மரியாதை. கவுன்டரில் டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை. பத்துப் பேருக்கு ஒருவரே வாங்குவது என்று ஆரம்பித்தால் ஒவ்வொருவரும் பதிலுக்கு வாங்க வேண்டி வந்து, யாருக்கும் வேண்டாத அளவுக்குக் குடிக்க நேரும். மூன்று மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது முதலிலேயே பொதுப் பணம் போட்டுவிடுங்கள்.

ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. நாலு பப்பில் நாலு பைன்ட் என்று கணக்குப் போடாமல் அரை பைன்ட் கேளுங்கள், யாரும் ஏதும் நினைக்க மாட்டார்கள், நாலு இடத்தையும் நாலு வகை பீரையும் பார்த்த மாதிரியும் இருக்கும். கைப்பிடியை இழுத்து ஊற்றுகிற கேஸ்க் ஏல் என்ற பீப்பாய் பீர்தான் இங்கத்தியச் சொத்து. அது பீப்பாய்க்குள்ளேயே கடைசி வரை நொதிக்கிறது, 11 முதல் 13 டிகிரியில்தான் தருவார்கள், ஊரில் ஐஸ் மாதிரி குடித்துப் பழகியவர்களுக்கு முதலில் வெதுவெதுப்பாகத் தெரியும், நுரையும் குறைவாக இருக்கும். கெட்டுப்போனது இல்லை. எது வேண்டும் என்று தெரியவில்லை என்றால் கொஞ்சம் ருசி பார்க்கத் தருவீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் சின்ன கிளாஸில் தருவார்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அக்கா குடிப்பதில்லை, அதனால் அவருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் உங்கள் நண்பர்களில் சைவமாக இருந்து பீர் குடிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கேஸ்க் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு பசையைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம், ஐசிங்கிளாஸ் என்பார்கள். ஈஸ்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், கிளாஸில் பெரிதாக ஒன்றும் வராது, ஆனாலும் சைவம் என்று அதைச் சொல்ல முடியாது. இது சேர்க்காத பீர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. வீகனா என்று கவுன்டரில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, சாப்பாட்டில் அவ்வளவு கட்டுப்பாடாக இருப்பவர்கள் தெரியாமல் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

குழந்தை: பெரியவர்கள் கூட இருந்தால் சட்டப்படி உள்ளே வரலாம், ஆனால் அனுமதிப்பதும் எத்தனை மணி வரை என்பதும் அந்தந்தப் பப்பின் முடிவு. முன்பே போன் போட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் என்றால் சாப்பாட்டுக்கு மேசையும் சொல்லி வைத்துவிட வேண்டும், சமையலறை நாள் முழுக்கத் திறந்திருக்காத பப்களும் உண்டு. ஓல்ட் ஷிப் இடம் பெரிசு, வெளியே ஆற்றைப் பார்த்து உட்காரலாம், குடும்பத்துக்கு அதுதான் சரி, சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். த டவ் சின்ன இடம். ஆளே ஒருவர் பின் ஒருவராகப் போகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது, கவுன்டரை ஒட்டி ஒரு குட்டி அறை, நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும், உலகத்திலேயே சின்ன பார் அறை என்று கின்னஸ் புத்தகத்தில் வந்த அறை அது. பின்பக்க மாடம் ஆற்றுக்கு மேலேயே நிற்கும். பத்துப் பேருமாக அங்கே போய் நிற்காமல் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பாருங்கள். குடிக்காதவர்களுக்கு லைம் சோடா, இஞ்சி பீர், ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் எங்கும் கிடைக்கும்.

---

ஈய எழுத்து

த டவ் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அச்சுத் தொழிலில் இருந்தவன்.

அந்தப் பப்புக்குப் பக்கத்தில்தான் 1900-ல் கோப்டன்-சாண்டர்சனும் எமரி வாக்கரும் டவ்ஸ் பிரஸ் என்ற அச்சகத்தை ஆரம்பித்தார்கள், பெயரும் பப்பின் பெயரிலிருந்து வந்ததுதான். தங்களுக்கென்றே ஓர் எழுத்துருவை வெட்டிவைத்தார்கள். படமில்லை, பூவேலைப்பாடு இல்லை, அகலமான வெற்றிடத்துக்கு நடுவில் அந்த எழுத்து மட்டும் நிற்கும். பிறகு கூட்டாளிகள் இருவருக்கும் பிரிவு வந்தது. கோப்டன்-சாண்டர்சன் இறந்தபின் எழுத்து வாக்கருக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். அது இயந்திர அச்சுக்குப் போய்விடும் என்ற எண்ணத்தையே அவரால் தாங்க முடியவில்லை. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர், 1916 ஆகஸ்ட் முதல் 1917 ஜனவரி வரை இருட்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈய எழுத்துகளைச் சுமந்துபோய் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினார். நூற்று எழுபது தடவைக்கு மேல் போயிருக்கிறார். கிட்டத்தட்ட நூறு வருஷம் அது சேற்றுக்குள் கிடந்தது. 2014-ல் ராபர்ட் கிரீன் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் துறைமுக ஆணையத்தின் முக்குளிப்பவர்களை வைத்துத் தேடி 150 எழுத்துகளை மேலே கொண்டுவந்தார், அதை வைத்து, தான் ஏற்கனவே கணினிக்கு உருவாக்கியிருந்த அந்த எழுத்துருவைத் திருத்தினார்.

எழுத்தை அடுக்கித் தொழில் செய்தவர்களுக்கு அந்த மனிதர்மேல் கோபமும் வரும், அவர் மனமும் புரியும். வாக்கரை ஏமாற்றியதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாலத்தில் நடக்கும்போது கைப்பிடிச் சுவரோரம் ஒரு நிமிஷம் நிற்காமல் போனதில்லை. பக்கத்திலேயே அப்பர் மால் 26-ஆம் எண் வீடு, வடிவமைப்பாளரும் அச்சகக்காரருமான வில்லியம் மாரிஸ் 1878 முதல் 1896-ல் சாகும் வரை இருந்தது. ஒரே தெருவில் இரண்டு அச்சகக்காரர்கள். அத்தான் புத்தகப் பிரியர் என்றால் இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

---

தென்கரை நடை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீரோட்டம் அண்ணா சொன்ன மாதிரி நாட்காட்டி பார்த்தேன், நான் மனதில் வைத்திருந்த சனிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாளாக இருந்தது, அதனால் ஒரு வாரம் தள்ளிவிட்டேன். அட்டவணைப்படி அன்று ஆறு மதியம் வற்றிதான் இருக்கும். வழி ரிச்மண்டிலிருந்து ஹாமர்ஸ்மித், சாப்பாடு ஓல்ட் ஷிப்பில், மேசைக்குப் பேசிவிட்டேன், ஏழரை வரை பையன் இருக்கலாம் என்றார்கள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நடுவில் அக்காவுக்கோ பையனுக்கோ முடியவில்லை என்றால் எங்கே பிரிந்து ரயில் ஏறுவது? கடைசியில் ஹாமர்ஸ்மித் பாலம் நடப்பவர்களுக்குத் திறந்துதான் இருக்கிறதா? மூடிவிட்டார்கள் என்று எங்கோ படித்தேன்.

---

ஆற்றங்கரை

பாலத்தில் கார், பஸ்ஸுக்குத்தான் 2019 ஏப்ரலிலிருந்து தடை. 1887-ல் திறந்த தொங்குபாலம், அதன் வார்ப்பிரும்புப் பகுதிகளில் விரிசல் கண்டுபிடித்தார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் வழி உண்டு, ஆனால் பழுதுபார்க்கிற வேலை நடந்தால் ஒரு பக்கம் அடைத்திருக்கலாம், அன்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வடகரையிலேயே முடிப்பதால் பாலத்தைக் கடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரயில் விஷயத்தில் இந்த வழிக்கு ஈடில்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் ரிச்மண்டிலிருந்து ஹாமர்ஸ்மித் வரை உங்கள் கூடவே வருகிறது. ஆற்றுப் பாதையில் கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும், கியூ பாலத்துக்கு வந்துவிட்டால் வடகரையில் கியூ பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்திலேயே. சிஸ்விக் ஹவுஸிலிருந்து சிஸ்விக் ஸ்டேஷனுக்கு நடந்தால் பத்து நிமிஷம், இந்த இரண்டு ஸ்டேஷனும் மட்டும் டிஸ்ட்ரிக்ட் லைன் இல்லை, வேறு ரயில். சிஸ்விக் மாலில் முடியாமல் போனால் ஸ்டாம்ஃபோர்ட் புரூக், அப்பர் மாலில் என்றால் ரேவன்ஸ்கோர்ட் பார்க், இரண்டுக்கும் பெரிய சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து போக வேண்டும். ஒரே ஒரு இடத்தில்தான் நடுவில் விட முடியாது, ரிச்மண்ட் லாக்குக்கும் கியூ பாலத்துக்கும் இடையில். அதனால் ரிச்மண்டில் சாப்பிட்டு முடித்தபின் பையனிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டு, தயக்கம் தெரிந்தால் அவர்களை ரயிலில் ஏற்றி கியூ கார்டன்ஸில் இறங்கி, கியூ கிரீன் வழியாகக் கியூ பாலத்துக்கு வரச் சொல்லுங்கள். ரயில் அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. நீங்கள் நடந்து வருவதற்குள் கியூ கிரீன் புல்வெளியில் கிரிக்கெட் நடந்தால் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.